இப்போது வேண்டாம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கியே உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது பாதியில் எழுந்து போகிற கதை இல்லை. சிரிக்கவும் இடம் உண்டு, ஆனால் அதிகம் இல்லை. முன்னாலேயே சொல்லிவிட்டேன், மனசைக் கொஞ்சம் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தைனாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "நாளைக்குக் காலையிலேயே கடைக்கு வந்துடுங்க" என்று அவள் சொன்ன இடத்தில்.

தைனா லாஹ்தினென், குளிர்காலத்தில் உறைந்துபோகிற பெரிய ஏரிக்கரையில் இருக்கிற தண்டர் பே ஊரில், பெரிய அங்காடிக்குள் இருக்கிற ஃபோன் கடையின் துணை மேலாளர். பழைய ஃபோனோடு வருகிறவர்களைப் புது ஃபோனோடு அனுப்புவதுதான் அவள் வேலை. அந்த மாதம் கடையிலேயே குறைவாக விற்றவள் அவள்தான். மாதக் கடைசியில் யார் அடியில் இருக்கிறார்களோ அவர்களுடைய வேலை நேரத்தை வெட்டப்போவதாக மேலாளர் ட்ரெவர் சொல்லி வைத்திருந்தான். வேலை நேரத்தை வெட்டுவது என்றால் ஆளையே வெட்டுவதற்கு முந்தின படி.

அவளுடைய அப்பா ரெய்னோ, காகித ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். வாலிபத்திலிருந்தே சர்க்கரை வியாதி, ஊசிதான் சோறு. முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், உடனே எதையாவது வாயில் போட்டுக்கொள்வார். வயசு ஏற ஏற அந்த அறிகுறிகள் அவரை விட்டுப் போய்விட்டன. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார், அப்படியே சரிந்துவிடுவார். அதனால் தோளில் ஒரு வில்லையை ஒட்டிவிட்டிருந்தார்கள். அது உள்ளே சர்க்கரையை அளந்து ஃபோனுக்குச் சொல்லும். இறங்கினால் ஃபோன் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். அதே நேரத்தில் தைனாவின் ஃபோனும் கத்தும். சாவு அந்த வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போனதெல்லாம் அந்தக் கத்தலில்தான்.

அந்த ஃபோனுக்குத்தான் வயதாகிவிட்டது. வசந்தம் வந்தால், இத்தனை பழைய ஃபோனில் இனி இந்தச் செயலி ஓடாது என்று செய்தி வந்திருந்தது. ஃபோன் நன்றாகத்தான் இருந்தது. செயலியும் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றை ஒன்று சேர விடாமல் எங்கேயோ யாரோ தேதி குறித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வசந்தத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஏரி உறைந்து கிடந்தது. ஆனால் மாதம் முடியப் போகிறதே.

சரி, சனிக்கிழமைக்குள் போவோம்.

ரெய்னோ கடைக்குள் வரும்போதே மீன்பிடிக்கப் போகிற கோலத்தில் வந்தார். தடித்த மேல்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், கையில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் பெர்ரிப் பாகு தடவிய, பெர்ஷன் என்று அந்த ஊரில் சொல்கிற இளஞ்சிவப்பு இனிப்பு ரொட்டிகள். மகள் வேலை செய்கிற இடத்துக்கு வெறுங்கையோடு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"என்ன தைனா, கடை தெறந்திருக்கா, இல்ல என்னைப் பாத்ததும் சாத்தப் போறீங்களா?"

"அப்பா, பூட்ஸைத் தட்டிட்டு வாங்க. ட்ரெவர் இப்பத்தான் தரையைத் துடைச்சான்."

"ட்ரெவரா தரை துடைச்சான்? அப்ப இன்னைக்கு யாரோ பெரிய இடத்துலேர்ந்து வராங்க."

ட்ரெவர் சிரித்தான். அவன் சிரிப்பு வாடிக்கையாளர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்த சிரிப்பு. "உங்களைவிடப் பெரிய ஆள் யாரு சார்? குடுங்க அந்த ஃபோனை, ஒரு தடவை உடம்பு பாத்துடலாம்."

கடையில் ஒரு கறுப்புத் தட்டு உண்டு. ஃபோனை அதன்மேல் வைத்தால் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒன்று எரியும். ரெய்னோவின் ஃபோன் வைத்த உடனேயே சிவப்பு எரிந்தது. ஒரு வயதைத் தாண்டிய எந்த ஃபோனும் அந்தத் தட்டில் பச்சை வாங்கியதில்லை என்று தைனாவுக்குத் தெரியும். ட்ரெவருக்கும் தெரியும்.

"பாத்தீங்களா சார்? சிவப்பு."

"ஆலையிலயும் இப்படித்தான் ஒரு டாக்டர் இருந்தான். அம்பது தாண்டினவன் எல்லாருக்கும் சிவப்புதான் போடுவான். அவன் போயிட்டான், நாங்க இன்னும் இருக்கோம்."

"அது மட்டும் இல்ல சார். இதுல இருக்கிற பாட்டரி கம்பெனியோடது இல்ல. எங்க மாத்தினீங்க?"

"ஃபோர்ட் வில்லியம் பக்கம் ஒரு பொம்பள. சமையலறை மேஜையில வெச்சு மாத்திக் குடுத்தா. காபியும் குடுத்தா. இங்க ஒரு கப் காபி உண்டா?"

"அதான் சார் பிரச்சினை. ஃபோன் அந்த பாட்டரியை ஏத்துக்கல."

"ஏத்துக்கலையா? போன வருஷம் பூராவும் அதைத் தின்னுட்டுத்தானே ஓடுச்சு? ஏத்துக்காதது ஃபோனா, அதைச் செஞ்சவனா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ட்ரெவர் தைனாவைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் 'உன் ஆள், நீயே முடி' என்பது.

தைனா அப்பாவின் முழங்கையைப் பிடித்துப் பக்கத்துக்கு இழுத்தாள். "அப்பா, வசந்தத்துல எப்படியும் மாத்தித்தான் ஆகணும். செயலி நின்னுடும். அன்னைக்கு நின்னா என்ன பண்ணுவீங்க?"

"அன்னைக்கு வந்து மாத்திக்கிறேன்."

"குளிர்ல திடீர்னு அணைஞ்சு போச்சுன்னா? ஏரி நடுவுல?"

"உள்சட்டைப் பையில நெஞ்சோட வெச்சுக்கிறேன். நான் சூடா இருக்கிற வரைக்கும் அதுவும் சூடா இருக்கும்."

"அப்பா." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்காக."

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவரிடம் பேச்சு கிடையாது. மகள் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது முழுக்கப் புரிந்ததோ, பாதிதான் புரிந்ததோ, நமக்குத் தெரியாது. "சரி, குடு. எது விலை கம்மியோ அதைக் குடு" என்றார்.

இப்போது நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும் கண்ணுகளா.

ஒரு ஃபோனிலிருந்து இன்னொரு ஃபோனுக்கு மாற்றும்போது புது ஃபோன் சும்மா இருக்காது. புதுசாக வந்த மருமகள் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்கும். இதற்கு அனுமதி உண்டா, அதற்கு அனுமதி உண்டா, இவருக்குச் சொல்லலாமா, அவருக்குச் சொல்லலாமா. எல்லாவற்றையும் வாடிக்கையாளரிடம் வாசித்துக் காட்டினால் பாதி நாள் போய்விடும். அவர் முகத்தில் சலிப்பு வரும். சலிப்பு வந்தால் "வேண்டாம், பழசையே குடுங்க" என்பார். அதனால் கடையில் ஒரு கைப்பழக்கம். கேள்வி வரவர, திரையின் அடியில் சின்ன எழுத்தில் 'இப்போது வேண்டாம்' என்று இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். வாய் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்க, விரல் தன்பாட்டுக்குத் தட்டும். ட்ரெவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தான். அவனுக்கு மேலே இருப்பவர்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். புது ஃபோன் நடுவில் கீச்சிட்டுத் தொந்தரவு பண்ணாமல் இருக்க, முதல் வேலையாக அதன் சத்தத்தையும் அணைத்துவிடுவார்கள்.

தைனா அலட்சியமாக இருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பாவின் தோள் வில்லையைப் புது ஃபோனோடு அவளே சேர்த்தாள். திரையில் எண் வந்ததும் அவருக்குக் காட்டினாள். "பாருங்க, உங்க சர்க்கரை. வந்துடுச்சு."

"என்னம்மா, ரத்தம்கூடப் புது ஃபோன்ல அழகாத் தெரியுது!" என்று சிரித்தவர், கொஞ்சம் நிதானித்து, "இது கத்துமா? பழசு மாதிரி?" என்று கேட்டார்.

"பழசைவிட நல்லாவே கத்தும்ப்பா."

"பழசை வெச்சுக்கட்டுமா? ஒரு மூலையில கெடக்கட்டும்."

"திருப்பிக் குடுத்தாத்தான் தள்ளுபடி." அவள் அதிலிருந்ததை அழித்து, ஃபோனைச் சாம்பல் நிறப் பெட்டியின் வாயில் போட்டாள். உள்ளே வேறு ஃபோன்கள்மேல் அது விழுகிற சத்தம் கேட்டது.

அந்தக் கடையில் ஒரு விற்பனை முடிந்தால் சுவரில் தொங்கும் பித்தளை மணியை அடிக்க வேண்டும். தைனா அடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இது என்ன, கல்யாண மணியா சாவு மணியா?" என்றார் ரெய்னோ.

"வாயைக் கழுவுங்கப்பா."

"சாயங்காலம் மீனோட வரேன். அம்மாவை உருளைக்கிழங்கு உரிச்சு வைக்கச் சொல்லு. வெறுங்கையோட வந்தா உருளைக்கிழங்காவது இருக்கும்." புது ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது ட்ரெவரிடம், "காபி குடுக்காத கடை இது ஒண்ணுதான்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மதியம்வரை கடையில் நிற்க இடமில்லை. தைனா அன்றைக்கு நன்றாக விற்றாள். அவள் பெயர் அடியிலிருந்து ஏறிக்கொண்டே போனது.

அப்பா ஏரிக்குப் போகிற நாளில் அவள் ஃபோன் ஒரு தடவையாவது கத்தும். காலையில் ஊசி போட்டு, ரொட்டி தின்று, போய், மீன்பிடிக்க ஏரிப் பனிக்கட்டியில் துளை போடுவார். துளை போடுகிற உழைப்பில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். அவள் ஃபோன் கத்தும். 'குடிச்சாச்சா?' என்று அனுப்புவாள். 'குடிச்சாச்சு, கத்தாதே' என்று பதில் வரும். அங்கே ஒரு புட்டி ஆப்பிள் சாறு திறந்திருக்கும்.

அன்றைக்கு அவள் ஃபோன் கத்தவே இல்லை.

நடுவில் ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. 'பரவாயில்லையே, நல்ல நாள்' என்று நினைத்துக்கொண்டாள். சத்தம் இல்லாவிட்டால் சந்தோஷம் என்று அத்தனை வருஷமாக அந்த ஃபோன்தானே அவளுக்குப் பழக்கியிருந்தது?

அப்புறம் ஃபோன் அடித்தது. அலாரம் இல்லை, அழைப்பு. கிளிஃபர்ட். உறைந்த ஏரிமேல் மீன்பிடிக்கப் போட்ட அப்பாவின் குடிசைக்குப் பக்கத்துக் குடிசைக்காரர். ஆலையில் ஒன்றாக வேலை பார்த்த சிநேகிதர்.

"தைனா, எங்கம்மா இருக்கே? உக்காந்திருக்கியா?"

"கடையில இருக்கேன் மாமா. என்னாச்சு?"

"உங்கப்பன் தூண்டில்ல கொடி எழுந்துச்சும்மா. மீன் மாட்டிக்கிட்டா கொடி எழுந்து நிக்குமில்ல, அது நின்னுச்சு. நான் கத்தினேன், 'டேய் ரெய்னோ, மீனு உனக்காகக் காத்துக்கிட்டிருக்குடா, சோம்பேறி, வெளிய வா'ன்னு. வரல. வேணும்னுதான் படுத்திருக்கான்னு நெனச்சேன். போன வாரம் என் கொடி எழுந்தப்ப நான் தூங்கிட்டேன்னு ஊர் பூராச் சொல்லிச் சிரிச்சான், அதுக்குப் பழி வாங்கலாம்னு, நானும் கொஞ்ச நேரம் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாதும்மா."

"மாமா, அப்பா எங்க?"

"குடிசைக்குள்ள கெடந்தான். ஸ்டூல்லேர்ந்து சரிஞ்சு. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு, ஆனா என்னைப் பாக்கல. பனிவண்டிக்குப் பின்னாடி சறுக்குப் பலகையில கட்டிக் கரைக்கு இழுத்துட்டு வந்தேன். ஆம்புலன்ஸ் கொண்டு போயிடுச்சு. உங்கம்மாவுக்குச் சொல்லிட்டேன். நீயும் போ."

"ஃபோன் கத்தலையா?"

"எந்த ஃபோனு?"

"அவர்கிட்ட இருந்த ஃபோன். கத்தலையா?"

"சட்டைப் பையில இருந்துச்சும்மா. மூச்சுக்கூட விடல."

ட்ரெவர் நல்லவன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவளுடைய மேல்சட்டையை அவனே எடுத்து வந்து மாட்டிவிட்டான். "போ, போ, ஒண்ணும் ஆகாது" என்றான். கதவுவரை வந்தவன், "முடிஞ்சா சாயங்காலம் ஒரு வார்த்தை அனுப்பு. நாளைக்கு ஆள் போடணும்" என்றான்.

மருத்துவமனையில் ரெய்னோ கண்ணை மூடிப் படுத்திருந்தார். சர்க்கரையை ஏற்றிவிட்டார்கள், எண் சரியாகிவிட்டது. ஆனால் ஆள் திரும்பவில்லை. ரொம்ப நேரம் மூளைக்குச் சர்க்கரை போகாமல் கிடந்திருக்கிறார், முழிக்கட்டும், முழித்தபிறகுதான் எவ்வளவு மிச்சம் என்று தெரியும் என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார்.

எவ்வளவு மிச்சம். தைனா அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அய்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் காலைப் போர்வைக்குமேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கால் ஐஸா இருக்கு பாரு. ரெண்டு ஜோடி உறை போடுன்னா கேக்க மாட்டார்."

தாதிப் பெண் ஒரு பிளாஸ்டிக் பையைத் தைனாவிடம் கொடுத்தாள். பூட்ஸ், கையுறைகள், திறக்காத ஆப்பிள் சாறு, புது ஃபோன்.

தைனா ஃபோனை எடுத்துத் திரையைத் தொட்டாள்.

ஐயோ கண்ணுகளா. எல்லாம் அங்கே இருந்தது. 'சர்க்கரை இறங்குகிறது.' அதன் கீழே 'அவசரம்.' அதன் கீழே 'அவசரம், உடனே கவனியுங்கள்.' விரலால் தள்ளத் தள்ள, ஒன்றின்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அந்த ஃபோனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த மனுஷர் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துக்கொண்டே அவர் பையில் இருந்திருக்கிறது. வாயைத்தான் திறக்கவில்லை.

அவள் அமைப்புகளுக்குள் போனாள். காலையில் அணைத்த சத்தம் அணைத்தபடியே இருந்தது. செயலி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தது. 'ஃபோன் அமைதியில் இருந்தாலும் ஆபத்து வந்தால் நான் கத்தலாமா?' அதற்குப் பதில்: இப்போது வேண்டாம். 'உங்கள் மகள் தைனாவுக்கும் தொடர்ந்து தெரிவிக்கலாமா?' அதற்குப் பதில்: இப்போது வேண்டாம்.

அவள் பெயரையே போட்டுக் கேட்டிருக்கிறது. அவள் விரல்தான் பதில் சொல்லியிருக்கிறது. அப்போது அவள் வாய் என்ன பேசிக்கொண்டிருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. தள்ளுபடியைப் பற்றியாக இருக்கலாம்.

"நல்லவேளைடி" என்றாள் அய்லா, கால் தேய்ப்பதை நிறுத்தாமல். "இன்னைக்குக் காலையிலயே மாத்திட்டீங்க. அந்தப் பழசா இருந்திருந்தா? நான் எத்தனை நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன், மாத்துங்க மாத்துங்கன்னு. புதுசு கத்தினதாலதானே கிளிஃபர்ட் ஓடி வந்தான்?"

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். அம்மா தானாகவே ஒரு கதையைக் கட்டிக் கையில் கொடுக்கிறாள். வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அப்போது தைனாவின் சொந்த ஃபோன் கையில் அதிர்ந்தது. ட்ரெவர் அனுப்பியிருந்தான். 'அப்பா எப்படி இருக்கார்? ஒரு நல்ல சேதி, இன்னைக்கு விற்பனையில நீதான் முதல்.' கூடவே ஒரு சிரித்த முகம்.

அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, ஃபோன் கத்தல."

"கெட்டுப்போச்சா? புதுசுடி!"

"கெடல. நான் கத்த விடல."

அய்லாவின் கை நின்றது. தைனா சொன்னாள். கேள்விகள், விரல், இப்போது வேண்டாம். சின்னச் சின்ன வார்த்தைகளில், வாடிக்கையாளருக்கு விளக்குகிற மாதிரி சொன்னாள். வேறு மாதிரி சொல்ல அவளுக்கு அந்த நேரத்தில் வரவில்லை.

"அவசரத்துல பண்ணிட்டே" என்றாள் அய்லா.

"அவசரம் இல்லம்மா. பழக்கம்."

"பழசா இருந்திருந்தா?"

"கத்தியிருக்கும். என்னோடதும் கத்தியிருக்கும்."

"அது எங்க இப்ப?"

"அழிச்சுட்டேன். பெட்டியில போட்டுட்டேன்."

அய்லா கோபக்காரி இல்லை. கோபம் வந்தால் பாத்திரத்தைக்கூட மெதுவாகத்தான் வைப்பாள். "வசந்தம்வரைக்கும் ஓடும்னு சொன்னாங்களே. நீதானே எனக்குப் படிச்சுக் காட்டினே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இன்னைக்கு?"

தைனா வாயைத் திறந்தாள். குளிரைச் சொல்லலாம், பாட்டரியைச் சொல்லலாம், கறுப்புத் தட்டில் எரிந்த சிவப்பைச் சொல்லலாம். கடையில் எல்லாருக்கும் சொல்வதுதானே.

"மாசக் கடைசிம்மா."

"மாசக் கடைசி" என்று திருப்பிச் சொன்னாள் அய்லா. அப்புறம் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே சாம்பல் வெளிச்சத்தில், விரிகுடாவுக்கு அப்பால், படுத்த ஆள் மாதிரி ஒரு மலை கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பி வந்தபோது மகள் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"இதை வயித்துல வெச்சுக்கிட்டு உன்னோட ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட என்னால முடியாது தைனா. திட்டவும் முடியல. நீ என் பிள்ளை. அவர் முழிக்கட்டும். நீயே அவர்கிட்ட சொல்லு. அவர் மன்னிச்சா நானும் மன்னிச்சுட்டேன். அவர் என்ன சொல்றாரோ அதுதான் எனக்கும்."

"சொல்றேன்மா."

"எதையும் விடாம சொல்லு."

"விடாம சொல்றேன்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தைனா மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கி அடுக்கிப் பார்த்தாள். அப்பாவைத் தெரியாதா அவளுக்கு? கேட்டுவிட்டுச் சிரிப்பார். 'இவ்வளவுதானா? நான் என்னமோ மீன் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்' என்பார். அப்படிச் சொல்லிவிடுவார். அவர் கண் திறந்தால் போதும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ரெய்னோ கண் திறந்தார்.

"அப்பா!"

அவர் கூரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த கம்பியைப் பார்த்தார். அய்லாவைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. உதட்டை நனைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். தைனா குனிந்தாள். ஒரு வார்த்தை விளங்கவில்லை. நாக்கு குழறுகிறதோ என்று நினைத்தாள். குழறவில்லை. சுத்தமாக, தெளிவாகத்தான் பேசினார். ஃபின்னிஷில் பேசினார்.

அது அவர் பெற்றோர் கப்பலேறி வரும்போது கொண்டுவந்த பாஷை. பள்ளிக்கூடம் போகும்வரை அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். அய்லாவுக்கும் அப்படித்தான். தைனா சின்னவளாக இருந்தபோது இரண்டு பேரும் பிள்ளைக்குத் தெரியக்கூடாததை அந்தப் பாஷையில் பேசிக்கொள்வார்கள், அப்புறம் அதுவும் குறைந்துபோனது. தைனாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆங்கிலத்திலேயே அந்த வீடு ஓடியது.

அய்லா அந்தப் பாஷையிலேயே அவருக்குப் பதில் சொன்னாள். மருத்துவர் ஓடி வந்தார், கண்ணில் விளக்கடித்தார், விரலைப் பிடிக்கச் சொன்னார். ரெய்னோ அவர் முகத்தையே பார்த்தார். அய்லா திருப்பிச் சொன்னபிறகு பிடித்தார்.

"பிந்தி வந்த பாஷை போயிருக்கு. முதல்ல வந்தது நிலைச்சிருக்கு" என்றார் மருத்துவர். "திரும்பி வரலாம். வராமலும் போகலாம். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

அவர் போனதும் அய்லா மகளைப் பார்த்தாள்.

தைனா கட்டிலருகே மண்டியிட்டு அப்பாவின் கையைப் பிடித்தாள். விடாமல் சொன்னாள். வேலை நேரத்தை வெட்டப்போவதாக ட்ரெவர் சொன்னதைச் சொன்னாள், வசந்தம்வரை பொறுத்திருக்கலாம் என்பதைச் சொன்னாள், பழசைவிட நல்லாவே கத்தும் என்று தான் சொன்னதைச் சொன்னாள், அழிச்சுட்டேன்பா என்றாள். தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அத்தனையும் சொன்னாள். மூக்கு ஒழுக, அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் சிதற.

ரெய்னோ கேட்டுக்கொண்டே இருந்தார். மரியாதையாகக் கேட்டார். இடையிடையே தலையைக்கூட ஆட்டினார். அறிமுகமில்லாத ஒரு பெண் என்னவோ நல்ல சரக்கை விற்க வந்து மூச்சு விடாமல் பேசுகிறாள், அவள் மனசு நோகாமல் கேட்டு அனுப்ப வேண்டும் என்கிற மாதிரி.

அவள் முடித்ததும், அவர் மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டார். அய்லா பக்கம் திரும்பினார். ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். நடுவில் நிறுத்தி, யாரிவள் என்று கேட்கிற மாதிரி தைனாவை ஒரு தடவை பார்த்து, மறுபடியும் சொன்னார்.

அய்லாவின் கை அவள் வாயை மூடிக்கொண்டது.

"அம்மா, என்ன சொல்றார்?"

அய்லா போர்வையின் ஓரத்தைப் பிடித்தாள்.

"அம்மா. நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சுதா? என்னைத் தெரியுதா? என்ன சொன்னார்? சொல்லும்மா."

அய்லா போர்வையை இழுத்து அவர் மார்புவரை மூடினாள். ஓரத்தைச் சொருகினாள். அதில் சொருக இனி ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபிறகும் சொருகிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குக் கேளு" என்றாள் கடைசியில். "இன்னைக்கு அதை உன் பாஷையில சொல்ல எனக்கு வாய் வரல."

அங்கேயே அவர்களை விட்டுவிட்டு வந்தேன் கண்ணுகளா. நீங்கள் எழுந்து போய் உங்கள் வேலையைப் பாருங்கள். போகிற வழியில் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்களோ அவர்களைப் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேரட்டும். பெரியவர்கள் சொல்வது பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் சொல்வது பெரியவர்களுக்கும் கடைசிவரை விளங்கட்டும். நன்றாக இருங்கள்.